பதின்மூன்றாவது எண்

தாலினில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்த கொட்டகையில் இப்போது கம்பெனிகள்.
எங்களுடையது இரண்டாம் மாடி,
ரேடியேட்டர் மேல் காயும் கையுறைகளுக்குப் பக்கத்தில்.
காற்றாலை இறக்கைக்குள் விரிசல் விழும்போது
ஒரு சத்தம் வரும், இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
அதைக் கேட்கிற காதைத்தான் கௌப்போவும் நானும் செய்கிறோம்.
வங்கியில் பதினோரு வாரச் சம்பளம் மிச்சம்.

ஆறு லட்சம் யூரோ தருகிறோம் என்றார்கள்.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இது தானம் இல்லை.
தொழுவத்தில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிற மாடு.
உட்கார்ந்து எண்ணினோம்.

விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே நான்கு எண்கள் தந்தார்கள்.
நான்கு பேரும் "தோள் கொடுத்தார்கள்" என்றார்கள்.
நான்கு பேரும் அதே சொல்லை.
கௌப்போ போனை வைத்துவிட்டுத் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

அவர்கள் கையேட்டில் பன்னிரண்டு கம்பெனிகள்.
ஏதோ மாநாட்டில் கொடுத்த துணிப்பையின் அடியில்
மூன்று வருடம் முந்தைய கையேடு கிடந்தது.
அதில் பதின்மூன்று.

ஐவோ லாநெமெட்ஸ் இப்போது சறுக்கு மைதானத்தில்
பனித்தளம் வழிக்கும் வண்டி ஓட்டுகிறார்.
ஓட்டிக்கொண்டேதான் பேசினார்.
"பணம் தீரப்போகிறது என்று தெரிந்ததும்
ஹெய்கி மூன்று வாரம் போனை எடுக்கவில்லை.
நான்காம் வாரம் பஸ் பிடித்து வந்தார். ஷூவெல்லாம் ஈரம்.
எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை கேட்டுக் கடிதம் எழுதினார்,
ஆளுக்கு ஒன்று, தன் கையால்.
எட்டுப் பேர் போனார்கள்."
ஒன்பதாவது?
"எனக்கும் எழுதினார். நான்தான் போகவில்லை."

மறுபடி அவரிடம் பணம் வாங்குவீர்களா என்று கேட்டேன்.
வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்தது.
"அந்த மூன்று வாரத்தை ஒப்பந்தத்தில் எழுத முடியுமா, கேட்டுப் பார்."

கேட்கப் போனோம்.
பத்து வருட நிதியாம், இது ஏழாம் வருடம்.
அடுத்த சுற்றுக்குப் பையில் என்ன மீதி என்றதற்கு
ஹெய்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
ஐவோவின் பெயரைச் சொன்னேன்.
துடைப்பது நின்றது.
"பயந்துபோயிருந்தேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

படியிறங்கும்போது கௌப்போ சொன்னான்: உண்மை பேசுகிற ஆள்.
நான் சொன்னேன்: மறுபடியும் பயப்படுகிற ஆள்.
டிராம் வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம்.

எங்கள் வேலையைப் பற்றி அந்த அறையில் யார் கேட்டார்கள்?
சந்தை எவ்வளவு பெரிது என்றார்கள்,
போட்டிக்கு யார் என்றார்கள்.
ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த லீசி, இருபத்து நான்கு வயது இருக்கும்,
அவள் மட்டும் தலை நிமிர்ந்தாள்:
"இறக்கையில் படிந்த பனி உடைந்தாலும் அதே சத்தம்தானே வரும்?
எப்படிப் பிரிப்பீர்கள்?"

எட்டு மாதமாக எங்களைத் தூங்கவிடாத கேள்வி அது.
முதல் கணத்தில் பிரிக்கவே முடியாது.
இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும்.
அவளுக்கு அங்கே ஓட்டு கிடையாது.

நிபந்தனைத் தாளில் இரண்டு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினோம்.
எங்கள் நிர்வாகக் குழுவில் உட்காருவது லீசியாக இருக்க வேண்டும்.
எந்தக் கடிதத்துக்கும் ஐந்து நாளில் பதில், அது கெட்ட செய்தியானாலும்.

கௌப்போ இரும்பு மேசையில் இன்னொரு இறக்கைத் துண்டை
உறையவைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
நான் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன்.
இன்று நான்காவது நாள்.